கோறணமேந்தில் கோழி மேய்க்க என்ன தகைமை வேணும்?

"கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்" எண்டு யாழ்ப்பாணத்தில் ஒரு பழைய சொல் இருக்கிறது. கோறணமேந்து என்றால் கவர்ன்மெண்ட். எங்கட வயதுக்காரர் இதைப் பகிடியாகத்தான் சொல்லுவம். ஆனால் வெள்ளிக்கிழமை வர்த்தமானி வந்தவுடன் அதைத் தரவிறக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுகிறதும் நாங்கள்தான். கலைப்பீடத்தில் மூன்றாம் வருடம் தாண்டினவருக்கு இது விளங்கும். முழு வர்த்தமானியையும் ஒருத்தரும் வாசிப்பதில்லை. நேரே "பதவிகள் – வெற்றிடங்கள்" பக்கத்துக்குப் போய், அங்கேயும் "தகைமைகள்" என்ற தலைப்பின் கீழ் உள்ள நாலைந்து வரியைத்தான் பார்க்கிறம். வயது, கல்வி, பிரசாவுரிமை, மொழி. எங்களுக்குப் பொருந்தினால் கீழே வாசிப்பம், இல்லாவிட்டால் மூடிவிடுவம்.

இலங்கையின் முதல் வர்த்தமானி 1802 மார்ச் 15 இல் வெளிவந்தது. 220 வருடத்துக்கும் மேலாக அரசாங்கம் தன்னுடைய காரியங்களை அச்சிட்டுச் சொல்லி வருகிறது. சரித்திர பாடத்தில் இராசாக்கள், தேசாதிபதிகள், அரசியலமைப்புகள் எல்லாம் படிக்கிறம். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அந்தந்த அரசாங்கம் என்ன தகைமை கேட்டது என்று ஒருத்தரும் படிப்பிக்கிறதில்லை. எனக்கென்றால், யாரைத் தன்னுடைய ஆளாக ஒரு அரசாங்கம் நினைத்தது என்பதை அறிய அதைவிட நேரான வழி இல்லை என்றே படுகிறது.

பரீட்சை என்ற ஒன்று வருவதற்கு முதலே தகைமை இருந்தது. ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்து 1795 வரை வைத்திருந்தார்கள். அவர்களின் கீழ் முதலியார் போன்ற பதவியொன்றை வகிக்க விரும்பியவர் புரட்டஸ்தாந்து சபையில் ஞானஸ்நானம் பெற்றிருக்க வேண்டும். பிறப்பும் கலியாணமும் பதியப்பட்டது கோயில் பள்ளிக்கூடத் தோம்பில்தான். அதனால் கனபேர் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பெயரைக் கொடுத்துவிட்டு வீட்டில் தங்கட தெய்வத்தைக் கும்பிட்டார்கள். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. அரசாங்கம் கேட்டது ஒரு பதிவு. சனம் அந்தப் பதிவைக் கொடுத்தது. மதச் சுதந்திரத்தைப் பிரித்தானியர் கொண்டுவந்தவுடன் புரட்டஸ்தாந்துப் பதிவுகள் சடாரெனக் குறைந்துபோனதைப் பார்த்தால், அந்த ஞானஸ்நானங்களில் எத்தனை உத்தியோகத்துக்காக என்று விளங்கிவிடும்.

பிரித்தானியர் காலத்தில் மேல்மட்டம் என்றால் இலங்கைச் சிவில் சேவை. ஆரம்பத்தில் அதற்கும் பரீட்சை கிடையாது. லண்டனில் ஆளைத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது தேசாதிபதியைத் தெரிந்திருக்க வேண்டும். 1833 இல் கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம் வந்தபோது சேவையின் கதவு இலங்கையருக்கும் திறக்கப்படுவதாகக் கொள்கையளவில் சொல்லப்பட்டது. அதேநேரம் செலவைக் குறைக்கிறோம் என்று சிவில் சேவையாளரின் சம்பளத்தையும் குறைத்துவிட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? துரைமார் கந்தோரை விட்டுவிட்டுக் கோப்பித் தோட்டம் போடப் போனார்கள். அரசாங்கக் காணியை விற்கிற உத்தியோகத்தரே அதை வாங்குகிற ஆளாகவும் இருந்தார். 1845 இல் இதற்குத் தடை போட்டு, சம்பளத்தைத் திருத்தி, பதவி உயர்வுக்குச் சுதேச மொழி அறிவையும் ஒரு நிபந்தனையாக்கினார்கள். இந்தக் கடைசி விஷயத்தை மறந்துவிடாதேங்கோ. அரசாங்க உத்தியோகத்தரிடம் மொழிப் பரீட்சை கேட்பது 1956 இல் பிறந்த யோசனை இல்லை. முதலில் அது வெள்ளைக்காரரிடம்தான் கேட்கப்பட்டது.

1855 இல் இந்தியச் சிவில் சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சை தொடங்கியது. அந்த முறை பிறகு இலங்கைக்கும் வந்தது. பரீட்சை நடந்த இடம் லண்டன். எவரும் எழுதலாம் என்பது உண்மைதான், ஆனால் முதலில் கப்பல் ஏற வேண்டும். 1875 இல் பொன்னம்பலம் அருணாசலம் அந்தப் பரீட்சையில் தேறி, போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவைக்குள் போன முதல் இலங்கையர் ஆனார். கேம்பிறிட்ஜ் கிறைஸ்ற் கல்லூரியில் படித்தவர். மிகப் பெரிய கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. பின்னாளில் 1901 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தியதும் அவர்தான். ஆனால் சேர் முத்துக்குமாரசுவாமி அவருக்குத் தாய்மாமன், தகப்பன் முதலியார், படித்தது கொழும்பு அக்கடமியில், கேம்பிறிட்ஜ் போனது அரசாங்கப் புலமைப்பரிசிலில். "முதல் தமிழன்" என்று பெருமையாகப் பதிவு போடும்போது இதையும் சேர்த்துப் போட்டால் நல்லது. திறந்த கதவு வழியாக உள்ளே போக முடிந்தவர்கள் அந்தக் கதவடிவரை வர வசதி உள்ளவர்களே.

இதற்கு மற்றப் பக்கத்தைப் பார்க்க லெனாட் வூல்ஃப் இருக்கிறார். வேர்ஜினியா வூல்ஃபின் கணவர் என்றால் ஆங்கிலத்துறைப் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். 1904 இல் அவர் எழுதியது உள்நாட்டுச் சேவை, இந்தியச் சேவை, கிழக்குக் குடியேற்ற நாடுகளின் சேவை மூன்றுக்கும் பொதுவான பரீட்சை. கிரேக்கம், இலத்தீன், கணிதம், தத்துவம் மாதிரியான பாடங்கள்தான் அதில் புள்ளி தருகிறவை. முன்னுக்கு வந்தவர்களுக்கு லண்டன் கந்தோரும் இந்தியாவும் கிடைத்தன. வூல்ஃபின் புள்ளிக்குக் கிடைத்தது இலங்கை. ஒரு நாயும் வோல்தேயரின் 90 தொகுதிப் புத்தகங்களும் கொண்டு கப்பலில் வந்து, 1905 ஜனவரியில் யாழ்ப்பாணக் கச்சேரியில் கடேற் ஆகச் சேர்ந்தார். வந்தபோது தமிழ் தெரியாது. வேலை செய்துகொண்டே, சம்பளம் வாங்கிக்கொண்டே படித்தார். சட்டம், கணக்கு, மொழி என்று கடேற்றுகளுக்குப் பரீட்சைகள் இருந்தன; தேறினார். 1908 இல் அம்பாந்தோட்டைக்கு உதவி அரசாங்க அதிபராகப் போனார். கிரேக்கம் தெரிந்தால் யாழ்ப்பாணத்தை ஆளலாம், தமிழை வந்து படிக்கலாம் என்பது ஒரு ஏற்பாடு. எங்கட சனத்திடம் கேட்கப்பட்டது வேறு: முதலில் ஆங்கிலத்தைப் படி, பிறகு கந்தோர் வாசலுக்கு வா.

சனமும் படித்தது. அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து, 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கினார்கள். அதைச் சுற்றி வளர்ந்த ஆங்கிலப் பள்ளிக்கூடங்கள்தான் அடுத்த நூறு வருடத்துக்கு அரசாங்கத்துக்குக் கிளாக்கர்மாரை உருவாக்கிக் கொடுத்தன. யாழ்ப்பாணத்தில் ஆறு இல்லை, தோட்டக் காணி துண்டு துண்டு, புகையிலையை விட்டால் பெரிய வருமானம் இல்லை. ஆகவே ஒரு பிள்ளையையாவது ஆங்கிலம் படிப்பித்து உத்தியோகத்துக்கு அனுப்புவது குடும்பத்தின் முதலீடு. கொழும்பில் இடம் போதாதபோது மலாயா. அங்கே றெயில்வேயிலும் திறைசேரியிலும் வேலை செய்துவிட்டு வந்து கல்வீடு கட்டிய "மலாயன் பென்சனியர்" எங்கட ஊர் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் இருந்தார். 1905 இல் வடபகுதி றெயில் பாதை பூர்த்தியானபின் கொழும்பில் வேலை, ஊரில் குடும்பம், மாதா மாதம் மணியோடர் என்று ஒரு வாழ்க்கை முறையே உருவானது. மாப்பிள்ளைச் சந்தையில் கேம்பிறிட்ஜ் சீனியர் பாஸ் பண்ணினதுக்கு ஒரு விலை, கிளறிக்கல் பாஸ் பண்ணினதுக்கு இன்னொரு விலை.

இந்தக் கதையைத் "தமிழர் கடினமாகப் படித்து முன்னுக்கு வந்தார்கள்" என்று சொல்லி முடிக்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது. அது பாதி உண்மை. யார் படித்தார்கள்? 1920களின் இறுதியில்கூட யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு சமமாக வாங்கில் இருக்கிற உரிமையே சண்டைக்குரிய விஷயம். நிலத்தில் இருத்தப்பட்ட பிள்ளைக்குக் கிளறிக்கல் பரீட்சை எவ்வளவு திறந்திருந்தாலும் என்ன? அதேபோல மலையகம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, "விண்ணப்பதாரி இலங்கைப் பிரசையாக இருத்தல் வேண்டும்" என்ற சாதாரண ஒரு வரி போதும், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஆயிரக்கணக்கானோரை வெளியே நிறுத்த. பிரசாவுரிமை கிடைத்தவர்களிடமும் பரம்பரை வழியா, பதிவு வழியா என்று படிவங்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. வடக்கில் நாங்கள் 1956 ஐப் பற்றிக் கதைக்கிற அளவுக்கு இதைக் கதைக்கிறதில்லை.

கிளாக்கர் என்றவுடன் தலை குனிந்து பேரேடு எழுதுகிற ஒரு ஆளை நினைக்கிறம். 1947 மே, ஜூனில் நடந்த பொது வேலைநிறுத்தம் அந்தப் படத்தை மாற்றும். அரசாங்க எழுதுவினைஞர் சங்கத்துக்கு ரி. பி. இலங்கரத்ன தலைவர். சிங்களவரும் தமிழரும் ஒன்றாக வீதிக்கு இறங்கினார்கள். ஜூன் 5 இல் பொலிஸ் சுட்டதில் செத்தவர் கந்தசாமி என்ற தமிழ் எழுதுவினைஞர். சரியாக 9 வருடம் கழித்து, 1956 ஜூன் 5 இல், நாடாளுமன்றத்தில் தனிச் சிங்கள மசோதா விவாதத்துக்கு வந்தது. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் அடிக்கப்பட்டார்கள்.

1956 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டம் மிகவும் சின்னது, மூன்றே மூன்று பிரிவுகள். சிங்களமே இலங்கையின் ஒரே அரசகரும மொழி. உடனே மாற்ற முடியாத இடங்களில் 1960 டிசம்பர் 31 வரை பழைய மொழியைத் தொடரலாம். இவ்வளவுதான். இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அதுவரை இருந்த ஆங்கிலம் தமிழருக்கு மட்டும் உதவினது, சிங்களவர் எல்லாரையும் தள்ளினது என்றும் இல்லை. சிங்கள ஊர்ப் பிள்ளைக்கும் தமிழ் ஊர்ப் பிள்ளைக்கும் ஒரே மாதிரிப் பூட்டாகத்தான் இருந்தது. அம்பாந்தோட்டையில் சுயபாஷைப் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவருக்கு அரசாங்கக் கந்தோரின் படிவத்தை வாசிக்கவே முடியாது. அந்தக் கோபம் நியாயமானது. அந்தப் பூட்டைக் கழற்றுகிறோம் என்று சொல்லி, ஒரு பகுதிக்கு மட்டும் திறப்பைக் கொடுத்துவிட்டு மற்றப் பகுதிக்குப் புதுப் பூட்டுப் போட்டதுதான் பிழை. 1956 ஏப்ரலில் யாழ்தேவி ஓடத் தொடங்கினது. அதில் கொழும்புக்குப் போய் வந்த கிளாக்கர்மாரின் உத்தியோகம் ஜூனிலேயே ஆட்டம் காணத் தொடங்கிவிட்டது.

சட்டம் வந்ததால் அடுத்த நாளே ஒருவரையும் வேலையால் நிற்பாட்டவில்லை. அது வேலை செய்தது சுற்றறிக்கைகளாலும் பரீட்சைகளாலும். 1961 டிசம்பர் 4 ஆம் திகதி திறைசேரி 560 ஆம் இலக்கச் சுற்றறிக்கையை அனுப்பியது. குறித்த சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைகளில் தேறாத உத்தியோகத்தர்களுக்கு வருடாந்தச் சம்பள ஏற்றம் நிறுத்தப்படும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே சேவையில் இருந்தவர்களுக்கும் இது பொருந்தும். ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, ஆங்கிலத்தில் வேலை செய்யவென நியமனம் பெற்று, பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்த ஒருவருக்கு நடுவழியில் தகைமையே மாறிவிட்டது.

கோடீஸ்வரன் அப்படி ஒருவர். 1952 இல் பொது எழுதுவினைஞர் சேவையில் சேர்ந்து, 1959 இல் நிறைவேற்று எழுதுவினைஞர் தரத்துக்கு உயர்ந்தவர். சிங்களப் பரீட்சைக்கு அவர் போகவில்லை. 1962 ஏப்ரலில் அவருக்கு வர வேண்டிய சம்பள ஏற்றம் வரவில்லை. நாங்கள் என்ன செய்திருப்பம்? முகப்புத்தகத்தில் எழுதியிருப்பம். அவர் சட்டமா அதிபருக்கு எதிராகக் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவருடைய வாதம் எளிமையானது. சோல்பரி அரசியலமைப்பின் 29 ஆம் பிரிவு, மற்றச் சமூகங்களுக்கு இல்லாத ஒரு இயலாமையை ஒரு சமூகத்துக்கு மட்டும் சுமத்துகிற சட்டத்தை நாடாளுமன்றம் ஆக்கக்கூடாது என்கிறது. அரசகரும மொழிச் சட்டம் அதைத்தான் செய்கிறது. ஆகவே அது செல்லாது. அதன் கீழ் வந்த சுற்றறிக்கையும் செல்லாது. என்னுடைய சம்பள ஏற்றத்தைத் தா.

1964 இல் மாவட்ட நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். சிங்களம் தாய்மொழியாகக் கொண்ட உத்தியோகத்தருக்கும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கும் இடையே இந்தச் சட்டம் பாகுபாடு காட்டுகிறது என்பதை ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அரசாங்கம் மேன்முறையீடு செய்தது. 1967 இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளியது. எப்படித் தள்ளியது என்பதைக் கவனியுங்கோ: மொழிச் சட்டம் சரி என்று சொல்லித் தள்ளவில்லை. அரசாங்க ஊழியர் ஒருவர் தன் சம்பளத்துக்காக முடிக்கு எதிராக வழக்குப் போடவே முடியாது என்று சொல்லித் தள்ளியது. 29 ஆம் பிரிவுக் கேள்வியைத் தொடவே இல்லை.

கோடீஸ்வரன் லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சிலுக்குப் போனார். 1969 டிசம்பரில் டிப்லொக் பிரபு தீர்ப்பை அறிவித்தார். அரசாங்க ஊழியருக்குச் சம்பளம் கேட்டு வழக்குப் போட உரிமை உண்டு, உயர் நீதிமன்றம் சொன்னது பிழை. இதனால் தமிழருக்கு மட்டுமில்லை, இலங்கையின் ஒவ்வொரு அரசாங்க ஊழியருக்கும் ஒரு உரிமை கிடைத்தது. இந்த வழக்கின் அந்தப் பக்கத்தை ஒருத்தரும் கதைக்கிறதில்லை. ஆனால் மொழிச் சட்டம் அரசியலமைப்புக்கு முரணா என்ற கேள்வியைப் பிரிவிக் கவுன்சிலும் தீர்க்கவில்லை. முதலில் உங்கட உயர் நீதிமன்றம் அதைப் பற்றிச் சொல்லட்டும் என்று திருப்பி அனுப்பியது.

உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டி வரவே இல்லை. 1971 இல் பிரிவிக் கவுன்சிலுக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22 இல் புதிய குடியரசு அரசியலமைப்பு வந்தது. அதில் 29 ஆம் பிரிவு இல்லை. சிங்களம் அரசகரும மொழி என்பது அரசியலமைப்புக்குள்ளேயே ஏறிவிட்டது. ஒரு எழுதுவினைஞர் பத்து வருடமாகக் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமலே, கேள்வியை எழுப்பின பிரிவை எடுத்துவிட்டார்கள். சட்டபீடத்தில் இந்த வழக்கைச் சம்பளத்துக்கான ஒப்பந்த உரிமை பற்றிய வழக்காகத்தான் படிப்பிக்கிறார்களாம் என்று ஒரு நண்பன் சொன்னான். கோடீஸ்வரன் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

தமிழில் ஏதாவது வழி இருந்ததா என்று கேட்பீர்கள். தாளில் இருந்தது. 1958 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கத் தமிழ்மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம், அரசாங்க சேவைக்கான போட்டிப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம் என்று சொன்னது. கூடவே ஒரு வாலும் இருந்தது: போதிய சிங்கள அறிவு இருக்க வேண்டும், அல்லது குறித்த காலத்துக்குள் அதைப் பெற வேண்டும். அந்தச் சட்டத்துக்கான ஒழுங்குவிதிகள் நாடாளுமன்றத்துக்கு வந்தது 1966 ஜனவரியில். எட்டு வருடம். 1958 இல் பத்தாம் வகுப்புப் படித்த பிள்ளை அதற்குள் வேறு வழி பார்த்திருக்கும்.

இதற்கிடையில் மேல்மட்டமும் மாறியது. 1963 மே 1 இல் சிவில் சேவை ஒழிக்கப்பட்டு நிர்வாக சேவை வந்தது. 1972 அரசியலமைப்பு, சுயாதீனமாக இருந்த பகிரங்க சேவை ஆணைக்குழுவை எடுத்துவிட்டு நியமன அதிகாரத்தை அமைச்சரவைக்குக் கொடுத்தது. அதுக்குப் பிறகு வந்த காலத்தைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, உங்கட வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலே சொல்லுவார்கள். தகைமைகளுக்குள் எழுதப்படாத ஒரு தகைமை சேர்ந்தது: எம்.பி.யின் துண்டு. 1978 இல் அது எழுதப்பட்டதாகவே ஆனது. "வேலை வங்கி" என்ற திட்டத்தின் கீழ் ஒவ்வொரு நாடாளுமன்ற உறுப்பினருக்கும் 1,000 விண்ணப்பப் படிவங்கள் கொடுத்து, தொகுதியில் உள்ள வேலையற்றவர்களுக்குப் பகிரச் சொன்னார்கள். படிவம் கிடைக்காதவர் விண்ணப்பிக்கவே ஏலாது. தெற்கில் இது எவ்வளவு கசப்பை உண்டாக்கியது என்பதை, கிளர்ச்சிக்குப் பிறகு நியமிக்கப்பட்ட இளைஞர் ஆணைக்குழுவின் 1990 ஆம் ஆண்டு அறிக்கையில் காணலாம். வடக்கில் 1956, தெற்கில் துண்டு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஒரே வரிசையில் தள்ளப்பட்ட இரண்டு கூட்டம் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் ஒரு அரசகரும மொழி என்றது. 2007 இல் வந்த 7 ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அந்த வருடம் ஜூலை 1 இலிருந்து சேவையில் சேருகிற எல்லாரும் 5 வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. இம்முறை நிபந்தனை இரண்டு பக்கத்துக்கும்: தமிழருக்குச் சிங்களம், சிங்களவருக்குத் தமிழ். 1845 இல் வெள்ளைக்காரத் துரைமாருக்கு வைத்த நிபந்தனை 160 வருடத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்காரருக்குச் சமமாக வந்திருக்கிறது.

பிரச்சினை என்னவென்றால், அந்தப் பரீட்சைக்கு வர முதலில் நியமனம் கிடைக்க வேண்டும். 2017 இல் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் எங்கட அண்ணா, அக்காமார் பட்டத்தை வைத்துக்கொண்டு வீதியோரக் கொட்டிலில் மாதக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் கனபேர் கலைப்பீடம். எங்கட பீடத்தில் சிங்களம் படிக்க விரும்பினால் வெளியே காசு கட்டித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. நானும் சனிக்கிழமைகளில் போகிறேன், இப்போதைக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். வகுப்பில் 14 பேர். ஆசிரியர் முதல் நாள் ஏன் படிக்க வந்தீர்கள் என்று கேட்டதுக்கு, 11 பேர் சொன்ன பதில் "வர்த்தமானி".